பழைய கார்ச் சங்கத்தில் 11 ஆண்டுகள்: சுற்றறிக்கை எழுதுபவனின் குறிப்புகள்

எங்கள் பழைய கார்ச் சங்கத்தில் சேர்ந்த இரண்டாம் மாதமே, வேறு யாரும் ஏற்க முன்வராத ஒரு பொறுப்பு என் தலையில் விழுந்தது. மாதந்தோறும் இரண்டு பக்கச் சுற்றறிக்கை ஒன்றை எழுதி எல்லா உறுப்பினர்களுக்கும் அனுப்ப வேண்டும். யார் புதிதாகச் சேர்ந்தார், எவருடைய வண்டி நெடுநாள் உறக்கம் கலைந்து ஓடத் தொடங்கியது, யாருக்கு என்ன பாகம் தேவை, அடுத்த ஓட்டம் எந்த ஞாயிற்றுக்கிழமை என்பன போன்ற செய்திகள்தாம் அதில் இடம்பெறும். 11 ஆண்டுகளாக எழுதிவருகிறேன். அண்மையில் தொடக்ககால இதழ்களை எடுத்துப் புரட்டியபோது எனக்கே சற்று வெட்கமாக இருந்தது. பாதிக்கும் மேலான இடத்தைக் கண்காட்சிச் செய்திகளும் கோப்பை வாங்கியவர்களின் பட்டியலும் அடைத்துக்கொண்டிருந்தன. ஆனால் உறுப்பினர்களின் கராஜ்களுக்குப் போகும்போது சுவரில் நான் கண்டவை வேறு. பக்கத்தின் அடியில் மிஞ்சிய இடத்தை நிரப்புவதற்காகச் சிறிய எழுத்தில் நான் இட்ட குறிப்புகளைத்தான் அவர்கள் கத்தரித்து ஒட்டி வைத்திருந்தார்கள்: எந்த வகைப் பெட்ரோல் குழாய் கரையாது, தீப்பொறிக்கான மின்சாரத்தை இணைத்துப் பிரிக்கும் பாயிண்டுகளின் இடைவெளி எவ்வளவு, வண்டி நடுவழியில் நின்றால் முதலில் எதைப் பார்ப்பது. அதன் பிறகு கண்காட்சிக்கு அரைப் பக்கத்துக்கு மேல் கொடுப்பதில்லை என்று முடிவு செய்துவிட்டேன்.

நான் சங்கத்துக்கு வந்ததற்குக் காரணம் பழைய கார்கள் மீதிருந்த மோகம் என்று சொன்னால் அது பொய். வேறு வழி தெரியாமல்தான் வந்தேன். சித்தப்பா விட்டுச்சென்ற 1959ஆம் ஆண்டு மாரிஸ் மைனர் கொட்டகையில் 9 ஆண்டுகளாக அசையாமல் நின்றிருந்தது. அலெக் இசிகோனிஸ் வடிவமைத்து, 1948 முதல் 1971 வரை 16 லட்சத்துக்கும் அதிகமாகத் தயாரிக்கப்பட்ட வகை அது. அத்தனை வண்டிகள் வந்திருக்கும்போது அதை ஓட வைப்பது அவ்வளவு கடினமாக இராது என்று எண்ணினேன். எப்படியோ எஞ்சினுக்கு உயிர் வந்ததும், மேலே மெருகு போட்டு, பெருமையோடு சங்கத்தின் கூட்டத்துக்கு ஓட்டிச் சென்றேன். எங்கள் சங்கத்தில் மனிதர்களுக்கு வண்டியின் பெயரே பெயர். ஆஸ்டின் ஐயா என்று அழைக்கப்படும் மூத்த உறுப்பினர் அருகே வந்தார். மெருகைப் பார்க்கவில்லை, குரோமியத்தையும் பார்க்கவில்லை. தரையில் ஒரு முழங்காலை ஊன்றி, முன் சக்கரத்துக்குப் பின்புறம் கையை விட்டுத் துழாவிவிட்டு, "தம்பி, கீழ் டிரன்னியனுக்குக் கடைசியாக எப்போது கிரீஸ் அடித்தீர்கள்?" என்று கேட்டார். டிரன்னியன் என்றால் என்னவென்றே எனக்குத் தெரியாது.

மாரிஸ் மைனரில் முன் சக்கரத்தின் அச்சைத் தாங்குவது மேலும் கீழும் உள்ள மரையிட்ட இணைப்புகள். டிரன்னியன் என்பது இவைதாம். ஸ்டியரிங்கைத் திருப்பும்போது அந்த மரை சற்றே ஏறி இறங்கும். அதில் கிரீஸ் வற்றினால் மரை தேய்ந்து, ஒரு நாள் கீழ் இணைப்பு கழன்று, சக்கரம் வண்டிக்கு அடியில் மடங்கிவிடும். கழலும் வரை ஓட்டுபவருக்கு ஒன்றும் தெரியாமலும் போகலாம். அன்று மாலை ஆஸ்டின் ஐயாவின் கிரீஸ் கன்னால் அடித்தபோது, முதலில் தண்ணீரும், பிறகு சாணம் போன்ற பழுப்புக் குழம்பும், கடைசியாகத்தான் புதிய கிரீஸும் வெளியே வந்தன. அந்தப் பழுப்புக் குழம்பைத் துணியில் துடைத்துக் காட்டி, "இதன் மேல்தான் நீங்கள் இவ்வளவு தூரம் வந்தீர்கள்" என்றார். சந்தாவை அன்றே கட்டினேன்.

எது பழைய கார் என்ற கேள்வியில் எங்கள் கூட்டங்கள் பலமுறை சூடாகியிருக்கின்றன. பழைய வண்டி எதுவானாலும் வின்டேஜ் என்று சொல்லிவிடுவது பொது வழக்கம். பிரிட்டிஷ் வழக்கிலோ 1904 முடிய வந்தவை வெட்டரன், 1919 முதல் 1930 வரை வந்தவை மட்டுமே வின்டேஜ். 1935இல் தோன்றிய அமெரிக்கப் பழங்காலக் கார்ச் சங்கம் 25 ஆண்டுகள் கடந்த வண்டியை ஏற்றுக்கொள்கிறது. 1966இல் தொடங்கப்பட்ட ஃபீவா என்னும் பன்னாட்டுக் கூட்டமைப்பு 30 ஆண்டுகள் என்கிறது. அதோடு, வண்டி அதன் வரலாற்றுக்குப் பொருந்திய நிலையில் பேணப்பட வேண்டும், அன்றாடப் போக்குவரத்துக்குப் பயன்படக் கூடாது என்றும் சேர்த்துக்கொள்கிறது. நாங்கள் 30 என்பதை எடுத்துக்கொண்டோம். இதில் ஒரு சங்கடம் உண்டு. என் கல்லூரிக் காலத்தில் புதிதாக வந்த கார்கள் எல்லாம் இப்போது உறுப்பினர் தகுதி பெற்றுவிட்டன. விண்ணப்பத்தைச் சரிபார்க்கும் செயலாளர் என்ற முறையில் அந்த உண்மையை நான்தான் முதலில் விழுங்க வேண்டியிருக்கிறது.

நான் சேர்ந்த புதிதில், ஆண்டுக்கு ஒரு கண்காட்சியே சங்கத்தின் உயிர் என்ற எண்ணம் ஓங்கியிருந்தது. வண்டிகள் லாரியின் முதுகில் வந்து இறங்கும், தள்ளி நிறுத்தப்படும், துடைக்கப்படும், மாலையில் அதே லாரியில் ஏறிப் போகும். மாதாந்தர ஓட்டத்தை நிறுத்திவிடலாம், வண்டிகள் வழியில் நிற்பதால் சங்கத்துக்கு அவமானம் என்று ஒருவர் தீர்மானமே கொண்டுவந்தார். அன்று ஆஸ்டின் ஐயா எழுந்து பேசினார். 1896 நவம்பர் 14 அன்று, சாலையில் வேக வரம்பை மணிக்கு 14 மைலாக உயர்த்திய சட்டம் நடைமுறைக்கு வந்த நாளில், லண்டனிலிருந்து பிரைட்டனுக்குக் கார்கள் ஊர்வலமாகப் புறப்பட்டதையும், 1927இல் அதை நினைவுகூரத் தொடங்கிய ஓட்டம் இன்றும் நவம்பர் மாதத்தில் நடப்பதையும், 1905க்கு முன் தயாரான வண்டிகள் மட்டுமே அதில் கலந்துகொள்ள முடியும் என்பதையும் சொன்னார். "அது பந்தயம் அன்று. முதலில் வந்தவருக்குப் பரிசு கிடையாது. போய்ச் சேர்ந்தாலே பதக்கம். நூறாண்டு தாண்டிய வண்டிகள் 60 மைல் போகின்றன. உங்கள் வண்டிக்கு வாசலைத் தாண்ட வெட்கமா?" என்று கேட்டுவிட்டு உட்கார்ந்தார். தீர்மானம் தோற்றது. தோற்றவர் கோபத்தில் அடுத்த மாதமே ஓட்டத்துக்கு வந்தார், வண்டியும் வழியில் நின்றது. இன்று அவரைப் போல் தவறாமல் வருபவர் வேறு ஒருவரும் இல்லை.

அணிவகுத்துப் போவது என்பது சொல்ல எளிது. முதல் சில ஓட்டங்களில் பாதி வண்டிகள் ஒரு சாலையிலும் மீதி வேறொரு சாலையிலும் போய்ச் சேர்ந்தன. முன்னால் இருப்பவரைப் பின்தொடருங்கள் என்று மட்டும் சொன்னால், நடுவில் ஒருவர் சிக்னலில் மாட்டிக்கொண்டதும் சங்கிலி அறுந்துவிடும். இப்போது நாங்கள் கடைப்பிடிக்கும் விதி தலைகீழானது: ஒவ்வொருவரும் தமக்குப் பின்னால் வரும் வண்டிக்குப் பொறுப்பு. திருப்பம் வந்தால், பின்னால் வருபவர் கண்ணில் படும் வரை திருப்பத்திலேயே ஓரமாக நின்று, அவர் கண்டுகொண்டார் என்று உறுதியான பிறகே நகர வேண்டும். அடுத்தது, மிக மெதுவான வண்டியை இரண்டாவதாக நிறுத்துவது. அதைக் கடைசியில் விட்டால் முன்னால் போகிறவர்கள் தம்மை அறியாமல் வேகம் கூட்டிவிடுவார்கள். கடைசியில் வருபவர் எஞ்சினை வதைத்துத் துரத்துவார். பழுது அங்கேதான் பிறக்கும். கடைசி வண்டி எப்போதும் புதிய வண்டியாக, கயிறும் கருவிகளும் தண்ணீரும் ஏற்றியதாக இருக்கும். நம்பிக்கைக் குறைவு என்று இதற்குச் சிலர் முகம் சுளித்ததுண்டு. அவர்களையும் அந்த வண்டி இழுத்து வந்திருக்கிறது.

மலைச் சாலையில் ஒருமுறை நடந்ததை இங்கே சொல்ல வேண்டும். எங்களிடம் 1923ஆம் ஆண்டு ஃபோர்டு டி மாடல் ஒன்று உண்டு. 1908 முதல் 1927 வரை ஒன்றரைக் கோடி எண்ணிக்கையில் வந்த அந்த வண்டியில் பெட்ரோல் பம்ப் கிடையாது. முன் இருக்கைக்கு அடியிலுள்ள டேங்கிலிருந்து பெட்ரோல் தன் எடையால், அதைக் காற்றோடு கலக்கும் கார்பரேட்டருக்கு இறங்கி வரும். டேங்கில் பெட்ரோல் குறைவாக இருந்து, மேடும் செங்குத்தாக இருந்தால், கார்பரேட்டர் டேங்கைவிட உயரத்துக்குப் போய்விடும். எஞ்சின் பட்டினி கிடந்து நின்றுவிடும். அதற்கு அக்காலத்தவர் கண்ட வழி, வண்டியைத் திருப்பிப் பின்னோக்கி ஏறுவது. பின் கியர் முன் கியரைவிட இழுவையும் கூடியது என்பதால் இரட்டை ஆதாயம். இதெல்லாம் டி மாடல் அண்ணனுக்குத் தெரியும், எங்களுக்குத் தெரியாது. கொண்டை ஊசி வளைவுக்கு முன்னால் அவர் சட்டென்று வண்டியைத் திருப்பி, எங்களைப் பார்த்தபடியே மேலே போகத் தொடங்கியதும், பின்னால் வந்தவர் பிரேக் போய்விட்டது என்று அலறியடித்துக் கதவைத் திறந்து குதித்தார். குதித்தவருடைய வண்டி பின்னால் உருள, அதைக் கல் வைத்துத் தடுத்தது மூன்றாவது வண்டிக்காரர். யாருக்கும் காயமில்லை. அன்றிலிருந்து புறப்படும் முன் பத்து நிமிடம் ஒதுக்கி, ஒவ்வொருவரும் தம் வண்டியின் வழக்கத்துக்கு மாறான குணத்தை மற்றவர்களுக்குச் சொல்ல வேண்டும் என்று வைத்தோம். இந்த வண்டிக்கு பிரேக் விளக்கு இல்லை, இதில் கிளட்ச் பெடலை அழுத்தினால் முதல் கியர் விழும், இது வலப்பக்கம் இழுக்கும் என்று ஒவ்வொருவராகச் சொல்லக் கேட்பது நோயாளிகள் கூட்டம் போல இருக்கும். ஆனாலும் அந்தப் பத்து நிமிடத்தை நாங்கள் ஒருபோதும் விடுவதில்லை.

என் மாரிஸ் எனக்குக் கற்றுத்தந்த பாடம் கொஞ்சம் நீளமானது. வெயில் நன்றாக ஏறிய ஒரு முற்பகலில், புறப்பட்டு 40 நிமிடம் கழித்து, நீண்ட ஏற்றத்தில் எஞ்சின் இருமத் தொடங்கி, இரண்டு மூன்று முறை திக்கி, நின்றுவிட்டது. எல்லாரும் கூடிவிட்டார்கள். பெட்ரோல் சூட்டில் ஆவியாகிக் குழாயை அடைத்துக்கொண்டது என்பது ஒருமித்த தீர்ப்பு. அந்த நோய்க்குரிய மருந்து ஊரறிந்தது: ஈரத்துணி. பம்பின் மேலும் குழாயின் மேலும் ஈரத்துணியைச் சுற்றி, பானெட்டைத் திறந்துவைத்து, 20 நிமிடம் காத்திருந்தோம். சாவியைத் திருகியதும் எஞ்சின் முதல் சுற்றிலேயே பிடித்துக்கொண்டது. ஈரத்துணியின் மகிமையைப் பேசிக்கொண்டே கிளம்பினோம். 8 கிலோமீட்டரில் மறுபடியும் நின்றது. மறுபடியும் ஈரத்துணி, மறுபடியும் 20 நிமிடம், மறுபடியும் வெற்றி. மூன்றாம் முறை நின்றபோது துணியை நனைக்கத் தண்ணீர் தீர்ந்திருந்தது. அப்போதுதான் ஃபியட் 1100 அண்ணனோடு வந்திருந்த அவருடைய அக்கா மகன், கல்லூரியில் படிக்கும் பையன், தயங்கித் தயங்கி, "மாமா, தீப்பொறி வருகிறதா என்று யாராவது பார்த்தீர்களா?" என்று கேட்டான்.

யாரும் பார்க்கவில்லை. அதைவிட வெட்கம், வண்டியே எங்களுக்கு விடையைச் சொல்லிக்கொண்டிருந்தது. மாரிஸில் உள்ளது மின்சாரப் பம்ப். சாவியைத் திருகினால் டிக், டிக் என்று அடித்து, கார்பரேட்டரின் கிண்ணம் நிரம்பியதும் நின்றுவிடும். கிண்ணம் காலியாக இருந்தாலோ, பம்ப் காற்றை இழுத்தாலோ அது ஓயாமல் படபடவென்று அடித்துக்கொண்டே இருக்கும். மூன்று முறையும் இரண்டே இரண்டு டிக்கோடு அது அமைதியானதை நான் காதால் கேட்டிருந்தேன். பெட்ரோல் வந்து சேர்ந்துவிட்டது என்பதுதான் அதன் பொருள். ஐந்து பேர் ஒரே குரலில் சொன்ன தீர்ப்பு, என் காது கேட்டதை மறக்கச் செய்துவிட்டது.

பையன் ஒரு பிளக்கைக் கழற்றி, வயரோடு இணைத்து, அதன் உடலை எஞ்சினின் இரும்பில் வைத்துப் பிடித்துக்கொள்ளச் சொன்னான். ஸ்டார்ட்டரைச் சுழற்றியபோது மெலிந்த, மஞ்சள் நிறத் தீப்பொறி ஒன்று வந்தும் வராமலும் துடித்தது. நல்ல தீப்பொறி நீலமாக, சடக்கென்ற ஓசையோடு பாய வேண்டும். பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியைக் கழற்றிவிட்டு மறுபடி சுழற்றினோம். பாயிண்டுகள் பிரியும் ஒவ்வொரு முறையும் அவற்றின் இடையிலேயே பளிச் பளிச் என்று தீ பறந்தது. பிளக்கில் பறக்க வேண்டிய தீ பாயிண்டில் பறந்தால் கண்டென்சர் செத்துவிட்டது என்று பொருள். பாயிண்ட் பிரியும் கணத்தில், இடைவெளியைத் தாண்டிப் பாயப் பார்க்கும் மின்சாரத்தைத் தன்னுள் வாங்கிக்கொள்வதுதான் அந்தச் சிறு உருளையின் வேலை. அது வாங்கிக்கொண்டால்தான் மின்னழுத்தத்தை உயர்த்தும் காயிலில் உள்ள காந்தப்புலம் சட்டென்று சரிந்து, பிளக்குக்கு வேண்டிய உயர் மின்னழுத்தம் பிறக்கும். கண்டென்சரில் இருந்த கோளாறு சூடேறினால் தலைகாட்டி, ஆறினால் மறைந்துகொள்ளும் வகையைச் சேர்ந்தது. எங்கள் ஈரத்துணி எதையும் குணப்படுத்தவில்லை. காத்திருந்த 20 நிமிடம்தான் குணப்படுத்தியது. புகழ் முழுவதும் துணிக்குப் போனது.

ஆஸ்டின் ஐயாவின் தகர டப்பாவில் ஒரு பழைய கண்டென்சர் இருந்தது. அது என் வண்டிக்கானது அன்று. டிஸ்ட்ரிபியூட்டருக்குள் பொருந்தவும் இல்லை. பொருந்த வேண்டியதில்லை என்றார் ஐயா. இவ்வகைக் கார்களின் கண்டென்சர் கொள்ளளவு பெரும்பாலும் 0.2 மைக்ரோஃபாரட் அளவில்தான் இருக்கும். உருளையை வெளியே ஒரு திருகில் இறுக்கி உடலோடு இணைத்து, அதன் வயரைப் பாயிண்டுக்குச் செல்லும் முனையில் மாட்டினோம். வீடு வரை வண்டி ஒருமுறைகூடத் திக்கவில்லை. செத்துப்போனது, ஒரு மாதத்துக்கு முன் பராமரிப்பு என்ற பெயரில் நான் புதிதாக வாங்கிப் போட்டது. பல ஆண்டுகள் உழைத்த பழையதை, பழையது என்பதற்காகவே குப்பையில் போட்டிருந்தேன்.

அந்த நாளுக்குப் பிறகு என் பழக்கம் மாறியது. புதிய பாகம் போட்டால், கழற்றிய பழையது நன்றாக வேலை செய்துகொண்டிருந்த பட்சத்தில், அது வண்டியிலேயே பயணம் செய்யும். டிக்கியில் இருக்கும் பெட்டியில் கண்டென்சர், பாயிண்ட், டிஸ்ட்ரிபியூட்டருக்குள் சுழலும் ரோட்டார், ஒரு பிளக், விசிறிப் பட்டை, இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜ், கொஞ்சம் வயர், ரேடியேட்டர் குழாய்க் கவ்விகள் இருக்கும். லூகாஸ் டிஸ்ட்ரிபியூட்டரில் பாயிண்ட் இடைவெளி 0.015 அங்குலம், அதாவது 0.38 மில்லிமீட்டர், ஃபீலர் கேஜ் இல்லாத வேளையில் தடித்த விசிட்டிங் கார்டு ஒன்று வீடு சேரும் அளவுக்குத் துணை நிற்கும். இன்னொன்று, பேட்டரியின் மேல் கண்ணில் படும்படி ஒரு சீட்டு ஒட்டியிருக்கிறேன்: இவ்வண்டியில் பாசிட்டிவ் முனையே உடலோடு இணைந்தது. 1960களின் நடுப்பகுதி வரை வந்த பிரிட்டிஷ் கார்கள் பலவும் இப்படித்தான். உதவ ஓடிவரும் நல்லவர்களுக்கு இது தெரியாது. பழக்கத்தில் நெகட்டிவ் கம்பியைக் கொண்டுபோய் உடலில் மாட்டிவிடுவார்கள்.

காலாண்டுக்கு ஒரு முறை பட்டறை நாள் நடத்துகிறோம். ஒருவருடைய கராஜில் கூடி, ஒரே ஒரு வேலையைச் செய்து பார்ப்பது வழக்கம். வருகை அதிகமாக இருந்த பட்டறை நாள், வண்டியை நிறுத்தி வைப்பது பற்றியது. வாரம் ஒரு முறை கராஜுக்குள்ளேயே எஞ்சினை ஐந்து நிமிடம் ஓட விட்டு அணைத்தால் வண்டி நன்றாக இருக்கும் என்ற நம்பிக்கை எங்கள் உறுப்பினர்களில் பாதிப் பேருக்கு இருந்தது, எனக்கும் இருந்தது. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாகப் பிறக்கிறது. எஞ்சின் சூடேறுவதற்குள் அணைத்துவிட்டால் அந்த ஆவியில் ஒரு பகுதி சைலன்சரில் தங்கித் துருவாகும். ஒரு பகுதி பிஸ்டன் வளையங்களைத் தாண்டி எஞ்சின் ஆயிலில் கலக்கும். அப்படிப் பேணப்பட்ட ஒரு வண்டியின் ஆயில் மூடியைத் திறந்து காட்டியபோது, உட்புறம் முழுவதும் வெண்ணெய் தடவியது போல ஒரு படலம். அதைப் பார்த்தபின் வாதம் செய்ய யாரும் இல்லை. மாதம் ஒரு முறை அரைமணி நேரத்துக்குக் குறையாமல் சாலையில் ஓட்டுங்கள், முடியாவிட்டால் தொடாமல் விட்டுவிடுங்கள் என்பதுதான் இப்போது நாங்கள் சொல்வது. மாதாந்தர ஓட்டத்துக்கு இதைவிட நல்ல விளம்பரம் நான் எழுதியதில்லை.

ரப்பர் என்பது பழைய வண்டியில் தனி வில்லங்கம். எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய வகை ரப்பரைக் கரைத்து இளக்குகிறது. டேங்கின் அடியில் பல்லாண்டுகளாகப் படிந்த பிசினையும் கிளப்பிவிடுகிறது. புதிய குழாய் என்று சொல்லி ஒரு கடையில் நான் வாங்கியது ஓராண்டிலேயே நகத்தால் அழுத்தினால் பள்ளம் விழும் நிலைக்கு வந்து, சூடான எஞ்சினின் மேல் சொட்டத் தொடங்கியது. அதன் மேல் எந்த அச்செழுத்தும் இல்லை என்பதை வாங்கும்போதே கவனித்திருக்க வேண்டும். எஸ்.ஏ.இ. ஜே30 ஆர்9 என்ற தரக்குறியீடு குழாயின் உடலில் அச்சிட்டிருந்தால் மட்டுமே இப்போது வாங்குகிறேன். கைக்கெட்டும் இடத்தில் தீயணைப்பான் இல்லாத வண்டி ஓட்டத்தில் சேர முடியாது என்ற விதியும் அந்தச் சொட்டிலிருந்து பிறந்ததுதான்.

டயரின் கதையும் அதுவே. கண்காட்சியில் பரிசு வாங்கிய வண்டி ஒன்று முதன்முறையாக ஓட்டத்துக்கு வந்தபோது, பட்டை கொஞ்சமும் தேயாத அதன் டயர் பக்கவாட்டில் பிளந்துபோனது. 2000ஆம் ஆண்டுக்குப் பிந்தைய டயர்களில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். முதல் இரண்டும் டயர் தயாரான வாரம், அடுத்த இரண்டும் ஆண்டு. அந்த டயருக்கு 17 வயது. ஓடாத டயர் தேய்வதில்லை. ஆனால் கிழடு தட்டாமல் இருப்பதும் இல்லை.

பிரேக்கைப் பற்றி எழுதத் தொடங்கினால் நிறுத்த முடியாது என்பதால் இரண்டை மட்டும் சொல்கிறேன். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். டாட் 4 வகை புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் ஏறியபின் அந்த எல்லை 155 டிகிரி வரை இறங்கிவிடலாம். ஓடினாலும் ஓடாவிட்டாலும் இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை மாற்றிவிட வேண்டும். மாரிஸில் பிரேக் ஆயிலைச் சக்கரங்களுக்கு அழுத்தி அனுப்பும் மாஸ்டர் சிலிண்டர் ஓட்டுபவரின் காலடியில், தரைக்குக் கீழே ஒளிந்திருப்பதால், மறப்பதும் எளிது. இரண்டாவது, சக்கரத்துக்குப் போகும் ரப்பர்க் குழாய் வெளியே நன்றாக இருக்கும்போதே உள்ளே உப்பி அடைத்துக்கொள்ளும். அழுத்தும்போது ஆயில் போகும், விட்டபின் திரும்பாது. பிரேக் பிடித்தபடியே வண்டி ஓடும். இதைக் கண்டுபிடிக்க ஓட்டத்தின் ஒவ்வொரு நிறுத்தத்திலும் எல்லாரும் இறங்கி, புறங்கையை நான்கு சக்கரங்களின் நடுப்பகுதிக்கும் அருகே கொண்டுபோய்ச் சூட்டை ஒப்பிட்டுப் பார்க்கிறோம். ஒன்று மட்டும் அடுப்பாகக் கொதித்தால் அங்கே கோளாறு. அக்கம்பக்கத்தில் நிற்பவர்களுக்கு நாங்கள் காருக்கு நாடி பார்ப்பது போலத் தெரியும். பிரேக் டிரம்மைக் கழற்றும்போது உள்ளிருக்கும் தூசியை ஊதக் கூடாது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். பழைய லைனிங்குகளில் ஆஸ்பெஸ்டாஸ் உண்டு. ஈரத்துணியால் துடைத்தெடுக்க வேண்டும். அந்தத் துணிக்கு உண்மையான பயன் இருக்கும் இடம் இதுதான்.

ஆஸ்டின் ஐயா இரண்டு ஆண்டுகளுக்கு முன் காலமானார். சுற்றறிக்கையில் நான் எழுதியவற்றில் மிகக் கடினமானது அந்த அரைப் பக்கம். துக்கம் விசாரிக்கப் போன எங்களிடம், அவருடைய மகன் கராஜைத் திறந்து காட்டி, "காரை வைத்துக்கொள்கிறோம், இந்தத் தகரங்களை எல்லாம் பழைய இரும்புக்காரரிடம் போட்டுவிடலாமா?" என்று கேட்டார். அவர் மேல் தவறில்லை. 70க்கும் மேற்பட்ட டப்பாக்கள், ஒன்றின் மேலும் எழுத்து இல்லை. எது எந்த வண்டிக்கு, எது நல்லது, எது என்றாவது சரிசெய்யலாம் என்று வைத்தது என்பதெல்லாம் ஐயாவின் தலைக்குள் இருந்தன. ஆறு ஞாயிற்றுக்கிழமைகள் நாங்கள் எட்டுப் பேர் உட்கார்ந்து பிரித்தோம். 1922 முதல் 1939 வரை வந்த ஆஸ்டின் செவன் வகையின் கார்பரேட்டர்கள் மட்டும் நான்கு கிடைத்தன. கண்ணுக்கு நன்றாகவே இருந்த ஒரு ரோட்டாரை நான் ஆசையாக என் வண்டியில் மாட்டிப் பார்த்தேன், வண்டி கிளம்பவில்லை. அதை ஐயா கழற்றி வைத்ததன் காரணம் அப்போதுதான் புரிந்தது.

டப்பாக்களில் இல்லாத எழுத்து அவருடைய குறிப்பேட்டில் இருந்தது. தேதி, ஓடிய தூரம், செய்த வேலை என்று மூன்று பத்திகளை எல்லாரும் எழுதுவார்கள். அவர் நான்காவதாக ஏன் என்று ஒரு பத்தி வைத்திருந்தார். 'ரேடியேட்டர் மேல் குழாயை மாற்றினேன். கசிவு இல்லை, ஆனால் தண்ணீர் மட்டம் குழாயின் வாய்க்குக் கீழே இறங்கினால் சுழற்சி நின்றுவிடும்' என்று ஓரிடத்தில் எழுதியிருந்தார். ஆஸ்டின் செவனின் தொடக்ககால வண்டிகளில் தண்ணீர்ப் பம்ப் கிடையாது; சூடான நீர் மேலெழுவதாலேயே சுழற்சி நடக்கிறது. அந்த ஒரு வரி தெரியாமல் வண்டியை எடுத்திருந்தால் அவருடைய மகன் முதல் மேட்டிலேயே எஞ்சினைக் கொதிக்க வைத்திருப்பார். இப்போது சங்கத்தில் ஒவ்வொரு வண்டிக்கும் நான்கு பத்திக் குறிப்பேடு கட்டாயம். உதிரிபாக டப்பாவில் வண்டி, ஆண்டு, நிலை ஆகிய மூன்றும் எழுதப்பட வேண்டும். கெட்டுப்போன பாகத்தின் மேல் சிவப்புப் பெயின்ட் ஒரு கோடு. எல்லாருடைய பட்டியலையும் சேர்த்து நான் ஒரே ஏடாக வைத்திருக்கிறேன். சென்ற ஆண்டு அதைக் கொண்டு 23 பேருக்கு வேண்டிய பாகம் சங்கத்துக்குள்ளேயே கிடைத்தது.

இந்த மாதச் சுற்றறிக்கை மேசையில் பாதி எழுதிய நிலையில் இருக்கிறது. புதிய உறுப்பினர்கள் இருவர். ஆஸ்டினை அவருடைய மகன் முதன்முறையாக ஓட்டத்துக்குக் கொண்டுவருகிறார். மிக மெதுவான வண்டி என்பதால் இரண்டாவது இடம் அதற்கே. தீப்பொறி பார்க்கச் சொன்ன பையன் படிப்பு முடித்து, வேலைக்குச் சேர்ந்து, ஒரு ஃபோக்ஸ்வேகன் பீட்டிலை வாங்கியிருக்கிறான். அதற்குப் பின்பக்க பம்பர் தேவை, வைத்திருப்பவர்கள் தெரிவிக்கவும். கைப்பிடி போட்டுச் சுழற்றி ஸ்டார்ட் செய்பவர்கள், தீப்பொறி எழும் நேரத்தை மாற்றும் நெம்புகோலைப் பின்னுக்குத் தள்ளிய பிறகே கைப்பிடியைத் தொட வேண்டும். கட்டைவிரலை மற்ற விரல்களோடு ஒரே பக்கத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். சென்ற மாதம் எஞ்சின் எதிர்த்து உதைத்ததில் மணிக்கட்டுச் சுளுக்கிய உறுப்பினர் தேறிவருகிறார். பாதையில் மூன்றாவது கிலோமீட்டரில் மேடு இருப்பதால், டி மாடல் பின்னோக்கி ஏறும். அதற்குப் பின்னால் வருபவர்கள் இடம் விட்டு நிற்கவும், வண்டியிலிருந்து குதிக்க வேண்டாம்.